நாலரை விரல்

என் தலைமுறைக்காரர்களுக்கு அடியைப் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. பிரம்படி, முட்டியில் ஸ்கேல், தலையில் குட்டு, தொடையில் கிள்ளு, உச்சி வெயிலில் மைதானத்தில் முட்டி போடுவது என்று எல்லாவற்றையும் வாங்கி வளர்ந்தவர்கள்தானே நாம்? இப்போது கல்யாண வீடுகளில் கூடும்போது அதைப் பெருமையாக வேறு பேசுகிறோம். "எங்கப்பா அடிச்ச அடியிலதான் நான் இன்னைக்கு ஆளாயிருக்கேன்" என்று பல்லைக் காட்டுகிறோம். அடித்தவர் செத்துப்போனார், வாங்கியவர் பென்ஷன் வாங்குகிறார், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நமக்கு ஒரு நினைப்பு.

எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. ஆரம்பித்தாலே எழுந்து கை கழுவப் போய்விடுவேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை சொன்னதில்லை. போன கோடையில் ஒரு டாக்டரம்மா சொன்ன நாலு வார்த்தைக்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. திண்டுக்கல்லுக்கு வடக்கே, அகரம் பக்கம் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பள்ளியில் ஒரு பிரம்பு, வீட்டில் ஒரு பிரம்பு. வீட்டுப் பிரம்பு திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். மாதம் ஒருமுறை அப்பா அதற்கு விளக்கெண்ணெய் தடவுவார். இரவு ஜெபத்துக்கு முட்டி போட்டால் என் கண் ஆண்டவரின் முகத்துக்குப் போகாது, படத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிரம்பின் நுனிக்குத்தான் போகும். ஆண்டவர் என்னை மன்னிப்பாராக, வெகுநாள் வரை நான் ஜெபித்தது அந்த நுனியைப் பார்த்துத்தான்.

அந்த வருடம் எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. இருபத்திரண்டு வயது. குஜிலியம்பாறைப் பக்கம் இரண்டு வருடமாக மழை இல்லை, கடலையும் சோளமும் காய்ந்துபோய்விட்டன, அதனால் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சும்மா உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனசில்லை. ஒரு மடக்கு மேஜை, நாலு நன்னாரி சர்பத் பாட்டில், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு சாக்கு எலுமிச்சம்பழம், இவ்வளவுதான் அவருடைய கடை. தை பிறந்துவிட்டால் நம் பக்கத்து ஊர்களில் கோவில் திருவிழாவும் அதோடு ஜல்லிக்கட்டும் ஒன்று மாற்றி ஒன்று வரும் இல்லையா? மாமா ஒவ்வொரு ஊராகக் கடையைத் தூக்கிக்கொண்டு போவார்.

பழம் பிழிய மரத்தில் செய்த அச்சு ஒன்றை அம்மா வாங்கிக் கொடுத்திருந்தாள். மாமா அதைத் தொடமாட்டார். பழத்தை இரண்டாக நறுக்கி, கைக்கு ஒரு மூடியாக வைத்து, தோலும் சேர்ந்து நசுங்கும்படி ஒரே திருகு. விதை விரலிடுக்கில் நிற்கும், சாறு முழங்கை வரை வழியும். வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். கரும்பு மிஷினில் மற்ற பாதி போய்விட்டது. "நாலரை விரலுக்கே இந்த வேகம்னா அஞ்சும் இருந்தா என்ன ஆகும் பாத்துக்க" என்பார்.

அவருடைய மணிக்கட்டிலும் முன்கையிலும் எப்போதும் கறுப்புத் திட்டுகள் இருந்தன. வழிந்த கோடுபோல நீளமாகக்கூட இருக்கும். அம்மா அதை அழுக்கு என்றே முடிவு கட்டியிருந்தாள். "ஏலே, தேங்கா நார் போட்டுத் தேச்சுக் குளிடா, மாட்டுக்காரன் மாதிரி இருக்க" என்பாள். அவர் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பார், போகாது. அப்பா அதைக் குடிகாரனுக்கு வரும் ஈரல் கோளாறு என்றார். மாமா குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதுதான் பாடப்புத்தகம்.

ஜல்லிக்கட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகக்கூடாது. அப்பாவின் அண்ணனை மாடு குத்திக் கொன்றிருந்தது. குடல் சரிந்து வெளியே வந்ததை வேட்டியில் அள்ளிப் பிடித்துக்கொண்டு பெரியப்பா நாலு எட்டு நடந்தாராம். கூடவே நடந்தது பதினாறு வயது அப்பா. அதற்கப்புறம் மாட்டுத் திடலில் என் ரத்தம் கால் வைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர்.

நான் போனேன். எட்டு வயதில் எது கூடாது என்கிறார்களோ அதுதானே இனிக்கும்? தை மாதக் கடைசிச் சனிக்கிழமை, அப்பா வாத்தியார் கூட்டத்துக்காகத் திண்டுக்கல் போயிருந்தார். மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் இளகிப்போய், "பாப்பாவப் பழமண்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்க்கா" என்று அம்மாவிடம் சொன்னார். வழியில் சைக்கிளை நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கினார்.

"மாடு பாத்தேன்னு செத்தாலும் சொல்லக்கூடாது ஆத்தா. உங்கப்பா ரெண்டு பேரையும் பொலி போட்டுருவாரு."

"சொல்லமாட்டேன் மாமா."

"சேசு மேல சத்தியம்?"

"சேசு மேல சத்தியம்."

அன்று நான் போட்டிருந்தது கை வைக்காத மஞ்சள் கவுன். முதுகும் பாதி திறந்திருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்று அப்புறம் புரியும்.

கடை போட்ட இடம் வாடிவாசலுக்கு எதிர்ப்பக்கம், மாடுகள் ஓடி முடிகிற இடத்துக்கு அருகே. சாக்கைக் கட்டி நிழல் போட்டிருந்தார். பக்கத்தில் காலி லாரி ஒன்று நின்றது. அந்தக் காலத்தில் இப்போது இருப்பதுபோல இரண்டடுக்கு வேலியெல்லாம் ஏது? ஒரு கயிறு, அதற்குப் பின்னால் சனம், அவ்வளவுதான். வெளியே வந்த மாடு தன் இஷ்டத்துக்கு ஓடும்.

ரத்தத்தை அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். ஒருவனைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள், அவன் முகத்தில் ஒரு பக்கம் இல்லை. இன்னொருவன் உட்கார்ந்த நிலையில் தன் பல்லைத் தானே பொறுக்கிக்கொண்டிருந்தான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் ஒரு கறுத்த காளை வந்தது. வந்த வேகத்தில் இரண்டு பேரைத் தூக்கி எறிந்தது. கயிற்றைத் தாண்டியது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது, பிளந்த வழியின் கடைசியில் எங்கள் மேஜை, மேஜைக்கு முன்னால் நான். ஓடத் தெரியவில்லை. காளையின் மூக்கிலிருந்து தொங்கிய எச்சில்கூட இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

மாமாவின் கையில் பழமூடிகள் இருந்தன. அவற்றைப் போட்டுவிட்டு மேஜையைத் தாண்டி வந்து, என் இரண்டு புஜத்தையும் பிடித்து அப்படியே தலைக்கு மேல் தூக்கி, லாரிக்குள் எறிந்தார். நான் விளிம்பில் தொங்கினேன். முதுகில் ஒரு கையை வைத்து உள்ளே தள்ளினார். அதற்குள் கொம்பு அவருடைய தொடையைக் கிழித்துவிட்டது. மேஜை தூள், பாட்டில் தூள். காளை ஐஸ் பெட்டியை ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"எறங்காத ஆத்தா, எல்லா மாடும் போற வரைக்கும் அங்கனயே இரு" என்றார். துண்டைக் கிழித்துத் தொடையில் கட்டிக்கொண்டு, மிச்சம் இருந்த பழங்களைப் பொறுக்கினார். நான் லாரியின் மேல் சாயங்காலம் நாலு மணி வரை இருந்தேன். நிழல் கிடையாது. தலையில் மட்டும் மாமா நனைத்துக் கொடுத்த மிச்சத் துண்டு. உடம்பெல்லாம் எலுமிச்சை வாசம் அடித்தது. நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். தொடைக் காயத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார் மாமா. அன்றைக்கு என் உடம்பில் ஒரு தடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், அப்போதும் இல்லை. ராத்திரிதான் கை எரிகிற மாதிரி இருந்தது. திங்கள்கிழமை காலை குளிப்பாட்டும்போது அம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டாள்.

"சேசுவே! யாருடி உன்ன இப்படிப் போட்டு அடிச்சது?"

இரண்டு புஜத்திலும் விரல் விரலாகச் சிவந்து, சில இடங்களில் கொப்புளம் கட்டியிருந்தது. முதுகில் ஒரு முழு உள்ளங்கை. மூணு நாளில் அது கறுத்துப்போய், யாரோ தாரில் கையை முக்கி என்மேல் வைத்ததுபோல ஆயிற்று. ஆனால் மூணு நாள் வரை எங்கள் வீடு காத்திருக்கவில்லை. கம்பவுண்டரை அப்பா அன்று காலையிலேயே கூட்டி வந்தார். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, "பலமா அமுக்கிப் புடிச்சு அடிச்சிருக்காங்க சார். ரத்தம் கட்டி, மேல கொப்புளிச்சிருக்கு" என்றார். படித்தவர் சொல்லிவிட்டார், முடிந்தது.

"யார் அடிச்சா?" என்றார் அப்பா.

"யாரும் அடிக்கலப்பா."

பிரம்பு படத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. என்னை யார் அடித்தார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக அப்பா என்னை அடித்தார். கெண்டைக்காலில், உள்ளங்கையில், மறுபடி கெண்டைக்காலில். சொல்லு, ஒரு அடி. சொல்லு, ஒரு அடி. பத்துக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. மாடு பார்த்ததைச் சொன்னால் இதைவிட விழும், சத்தியமும் போய்விடும், நரகமும் கிடைக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

கண்டுபிடித்தது அம்மாதான். தன்னுடைய கையை என் முதுகுத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் சரியாக வந்தது, மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றது. இடது புஜத்திலும் அதே மாதிரி. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்து பார்த்தார், அவருக்கும் கணக்குத் தெரியும்.

அப்பா குனிந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டார். அவர் கேட்ட கேள்வியை எழுத்துக்கு எழுத்து அப்படியே சொல்கிறேன்.

"மாமா உன் மேல கை வச்சானா, இல்லையா?"

நம் தமிழில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கை வைத்தான் என்றால் அடித்தான். எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது கையை வைப்பது மட்டும்தான். கை வைத்தாரா? வைத்தார். லாரி விளிம்பில் தொங்கினபோது முதுகில் கை வைத்துத் தள்ளினார். அது பொய் இல்லை, மாட்டைப் பற்றிய பேச்சும் அதில் இல்லை, சத்தியமும் உடையவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"வச்சாருப்பா" என்றேன்.

அப்பா பிரம்பைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். அவர் என்னைத் தடவியது எனக்கு நினைவிருக்கிற வரைக்கும் அதுதான் முதல் தடவை.

மாமா மத்தியானம் வந்தார். வாசலில் சைக்கிளைச் சாய்க்கும்போதே முதல் அடி தோளில் விழுந்தது. அப்பா பிரம்பாலும், பிரம்பு பிளந்த பிறகு சைக்கிள் பம்பாலும் அடித்தார். மாமா நினைத்திருந்தால் அப்பாவை ஒரு கையால் தூக்கிச் சாக்கடையில் போட்டிருக்கலாம். ஓங்கவே இல்லை. முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டார். தொடைக் காயம் திறந்து வேட்டி நனைந்தது. "எங்க குடிச்சிட்டு எவங்கிட்ட வெட்டு வாங்குன?" என்று அதற்கும் சேர்த்து அடித்தார். பக்கத்து வீட்டுச் சனம் வந்து நின்றது. வாத்தியார் அடிக்கிறார் என்றால் காரணம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

"என்னத்துக்கு மச்சான்? நான் என்ன செஞ்சேன்?" என்றார் மாமா.

அப்பா என்னை இழுத்துவந்து திருப்பி நிறுத்தினார். "பாரு. இது யாரு கை?"

மாமா பார்த்தார். நான் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தேன். அடி விழுந்தபோதெல்லாம் மாறாத முகம் அப்போது மாறியது. கையை நீட்டி முதுகைத் தொட வந்தவர், தொடாமல் இழுத்துக்கொண்டார்.

"புள்ளைக்கு வலிச்சுச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் அப்பா கையிலிருந்த பம்பையே பார்த்தேன்.

"எந்தக் கைலே?" என்றார் அப்பா.

"இந்தக் கைதான் மச்சான்" என்று மாமா தன்னுடைய வலது கையை வாசற்படிக் கல்லின் மேல் தானாகவே வைத்தார். அப்பா அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியை எடுத்து வந்தார். அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். அம்மா என் கண்ணைப் பொத்தினாள், அவ்வளவுதான். சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு முறை. பச்சைக் கரும்பை முறிக்கிற சத்தம்.

மாமா அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். அவருடைய மிச்சமிருந்த சர்பத் பாட்டில்களை அம்மா ஒவ்வொன்றாகத் தெருவில் போட்டு உடைத்தாள். "எம் புள்ள மேல கை வச்ச ஒருத்தன் எனக்குத் தம்பியே இல்ல" என்றாள். பிறகு அந்த வீட்டில் அவர் பெயர் பேசப்படவில்லை.

இனிமேல் வருவதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தடங்கள் ஆடி மாதம் வரை இருந்தன. வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்பா கவுனை நகர்த்திக் காட்டுவார். பள்ளிக்கூடத்தில் பெண்கள் கூடிக் கேட்பார்கள். முதலில் சும்மா இருந்தேன். பிறகு "எங்க மாமா அடிச்சாரு" என்றேன். பிறகு எப்படி அடித்தார் என்று நடித்துக் காட்டினேன். பத்து வயதில் எனக்கே அந்த அடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. காளை ஒரு பக்கம், அடி ஒரு பக்கம், இரண்டும் வேறு வேறு நாளில் நடந்ததுபோல மனதில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் இடைவெளி அல்லவா? ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

அப்பா இறந்தபோது, "மக மேல வாத்தியாருக்கு அம்புட்டு உசுரு" என்று இந்தக் கதையைத்தான் பேசினார்கள். அம்மாவின் அடக்கத்துக்கு மாமா வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றார். கடைசியில் இடது கையால் மண் அள்ளிப் போட்டுவிட்டுப் போனார். வலது கை மடங்கினபடியே இருந்தது. நான் அவரிடம் பேசவில்லை. என்னை அடித்த ஆளிடம் நான் ஏன் பேச வேண்டும்?

இப்போது அந்த டாக்டரம்மாவுக்கு வருகிறேன். போன கோடையில் எங்கள் கோவில் வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். நான் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிறவள், பழம் பிழிய என்னை உட்கார வைத்தார்கள். பந்தலுக்கு வெளியே, வெயிலில். இரண்டு நாள் கழித்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழிந்த கோடாகச் சிவந்து கொப்புளித்தது, அப்புறம் கறுத்தது. சர்க்கரை வியாதிக்காரிக்குப் பயம் வராதா? திண்டுக்கல்லில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

பார்த்த உடனே, "எலுமிச்சம்பழம் புழிஞ்சீங்களாம்மா?" என்றாள். எனக்கு ஜோசியக்காரியோ என்று தோன்றியது.

"பழச்சாறுலயும் தோல்லயும் ஒரு ரசாயனம் இருக்கும்மா. அது மேல படுறதால மட்டும் ஒண்ணும் ஆகாது. வெயில் மட்டும் பட்டாலும் இப்படி ஆகாது. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்குல்ல, அது அந்தச் சாறு பட்ட இடத்துல விழுந்தா தோல் உள்ளுக்குள்ள வெந்துரும். அன்னைக்கே தெரியாது. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத்தான் சிவக்கும், கொப்புளிக்கும். அப்புறம் கருத்துப்போய் மாசக்கணக்குல இருக்கும். தானா மறைஞ்சிரும், பயப்படாதீங்க."

"சூட்டுனால வர்றது இல்லையா?"

"சூடு வேற, இது வேற. வெயில் இதமா இருக்கிற மாசத்துலகூட வரும்." சொல்லிவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். ஏதோ வெளிநாட்டுக் குழந்தை. முதுகில் கறுப்பாக ஒரு முழுக் கை. "பழம் புழிஞ்ச கையோட அம்மாவோ அப்பாவோ தூக்கியிருப்பாங்க. இதப் பாத்துட்டுப் புள்ளைய அடிச்சுட்டாங்கன்னு பெத்தவங்க மேலயே சந்தேகப்பட்ட கதையெல்லாம் இருக்கும்மா."

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் கொடுத்தார்கள். ஐந்து விரலும் முழுசாக இருந்த ஒரு அன்னியக் கையைப் பார்த்து நான் ஏன் அப்படி அழுதேன் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. சனிக்கிழமை லாரியில் அடித்த வெயில் திங்கட்கிழமை என் முதுகில் வந்திருக்கிறது. மாமா தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் போகாத அழுக்கும் அதுதான். ஒரு சாதாரண வெயில். அதற்கு ஒரு மனுஷனின் கையைக் குழவியால் நசுக்கினோம்.

மறுநாள் குஜிலியம்பாறைக்குப் பஸ் ஏறினேன். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. அத்தை இறந்துவிட்டாள். மூத்த மகளோடு இருக்கிறார். அவளுக்கும் ஐம்பது வயதாகிறது, என்னை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். மரியாதைக்கு "வாங்க மதினி" என்று நாற்காலி போட்டுவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சுருண்டு கிடந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. காளையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் முன்கையில் இருந்த கறுப்புக் கோடுகளைக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வெயிலா?" என்றார்.

"ஆமா மாமா. உங்க கையில இருந்த சாறு, அதுமேல விழுந்த வெயில்."

"வெயில் எல்லார் மேலயுந்தான அடிச்சுச்சு?"

"சாறு பட்ட எடத்துல மட்டுந்தான் அப்படி ஆகுமாம்."

"அப்ப நான் அமுக்குனதுல வரலையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த மனுஷன் அன்று கல்லின் மேல் கையை வைத்தது அப்பாவுக்குப் பயந்து இல்லை, எனக்காகப் பழியை ஏற்கவும் இல்லை. என் முதுகில் தன்னுடைய கையை அவரும் பார்த்தார் அல்லவா? அவரும் நம்பிவிட்டார்.

"இல்ல மாமா. நீங்க புடிச்சதுல எனக்கு வலிக்கவே இல்ல."

"மாடு வந்த அவசரத்துல நசுக்கிட்டேன்னுல நெனச்சேன்" என்றார். "அம்புட்டு லேசாத்தான புடிச்சோம், எப்படி இப்படி ஆச்சுன்னு யோசிப்பேன். நம்ம பலம் நமக்கே தெரியலன்னு முடிவு பண்ணிட்டேன். பச்சப்புள்ளயத் தொடுற கை இது இல்லன்னுட்டு..." வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

"அதான் எங்க மூணு பேரையும் ஒருநாளும் தூக்கலையாப்பா?" என்றாள் மகள்.

அவர் சுருண்ட கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"காச்சல்ல கெடந்தப்பகூட எட்ட நின்னுதான பாப்ப? மூணும் பொட்டப்புள்ளயாப் போச்சு, அதான் புடிக்கலன்னு அம்மா சொல்லும். சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லியே அழுதுச்சே!" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. வாசற்படியை விட்டு வந்து என் முன்னால் நின்றாள். என் புஜத்தைப் பிடித்தாள். எலும்பில் பட்டது. "எலுமிச்சயும் வேணாம், வெயிலும் வேணாம் மதினி. மாடு குத்த வந்துச்சு, மாமாதான் என்னத் தூக்கிவிட்டாருன்னு ஒத்த வார்த்த. அத அன்னைக்குச் சொல்லிருக்கக் கூடாதா? அன்னைக்கு வேணாம், பெரிய மனுசியான பொறகு ஒருநா சொல்லிருக்கக் கூடாதா?"

எட்டு வயதுப் பிள்ளை, பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டியதும், கல்லறை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் யார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் என்னைப் பிடித்து உலுக்கினாள். அவளுடைய நகம் இறங்கியது.

"விடு ஆத்தா" என்றார் மாமா கட்டிலிலிருந்து. "புள்ளைக்கு வலிக்கும்."

அவள் விடவில்லை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.